பழைய டிராக்டரின் டீசல் பம்ப்: நாசிலோடு நிறுத்துவதா, பிரித்துச் செய்வதா, மாற்றிவிடுவதா?

இருபது, இருபத்தைந்து வருடம் உழைத்த டிராக்டர் காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது. கலப்பையை இறக்கியதும் கரும்புகை கக்குகிறது. முன்பு ஓர் ஏக்கருக்குப் போதுமாக இருந்த டீசல் இப்போது போதவில்லை. மெக்கானிக் வந்து இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, டீசலை அழுத்தி இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப் போய்விட்டது என்கிறார். அதன் பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். நாசிலை (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனையை) மட்டும் பார்க்கலாம், பம்பைப் பிரித்து எலிமென்ட் (உள்ளே டீசலை அழுத்தும் ஜோடி) மாற்றலாம், கம்பெனி டீலரிடம் விடலாம், பழைய பம்ப் ஒன்றை வாங்கி மாட்டலாம், புதிதாகவே வாங்கிவிடலாம். நாசில் வேலை சில ஆயிரங்களில் முடியும். புது பம்ப் பத்தாயிரங்களில் கேட்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு போகத்தில் மிஞ்சியது அதிலேயே போய்விடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் நாசில் சோதனை. அது போதாவிட்டால் டெஸ்ட் பெஞ்ச் (பம்பை ஓட்டி அளக்கும் மேடை) உள்ள பட்டறையில் பம்பைப் பிரித்து முழு வேலை. பெரும்பாலான பழைய இன்ஜின்களுக்கு இந்த இரண்டில் ஒன்றே சரியான வழி. புது பம்ப் அரிதாகத்தான் தேவைப்படும். அளந்து பார்க்காமல் வாங்கி மாட்டும் பழைய பம்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே பேசுவது முழுக்க இயந்திர முறையில் இயங்கும் பம்புகளைப் பற்றி. ஆயிரம் பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேலான அழுத்தத்தில், கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் இன்ஜின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பழைய ஜீப், லாரி, ஜெனரேட்டர், போர்வெல் கம்ப்ரசர் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தும்.

பம்பின் மேல் பழி போடும் முன்

புகையின் நிறம் பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். கரும்புகை என்றால் டீசல் அதிகம் போகிறது, அல்லது காற்று குறைவாக வருகிறது. பழைய டிராக்டர்களில் ஏர் கிளீனர் ஆயில் பாத் வகை, அதாவது உள்ளே போகும் காற்றின் புழுதியைக் கிண்ணத்திலுள்ள ஆயிலில் பிடித்துவைப்பது. புழுதி உழவும் கதிரடிப்பும் முடிந்த பிறகு அதன் கிண்ணத்தைத் திறந்து பார்த்தால் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் சேறு இருக்கும். அதைக் கழுவிப் புது ஆயில் ஊற்றியதும் புகை குறைந்துவிட்டால் பம்பைத் தொடவே வேண்டியதில்லை. வெண்புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது. டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்) பிந்தியிருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்திருக்கலாம். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதன் அடையாளம். உலகத்தில் எந்தப் பம்ப் வேலையும் அதைச் சரிசெய்யாது.

இரவு நின்ற வண்டி காலையில் ஏர் எடுத்தால்தான் (டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றினால்தான்) கிளம்புகிறது என்றால் டேங்குக்கும் பம்புக்கும் இடையே எங்கோ காற்று புகுகிறது. அநேகமாகப் பலமுறை இறுக்கி நசுங்கிய செம்பு வாஷராக இருக்கும், அல்லது வெடித்த ரப்பர் ஹோஸாக இருக்கும். பம்புக்கு டீசல் வரும் வழியில் உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி ஓடவிட்டால் குமிழ்கள் போவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டர்களையும் ஃபீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பின்) சல்லடையையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

இன்னும் இரண்டு சோதனைகள். பிரீதர் குழாயில் (இன்ஜினின் மூச்சுக்குழாயில்) புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் லைனரும் தேய்ந்திருக்கின்றன. கம்ப்ரஷன் பார்க்காமல் பம்புக்குப் பணம் கட்டக் கூடாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்து, ஆயிலில் டீசல் வாசம் அடித்தால், எலிமென்ட் வழியாகவோ ஃபீட் பம்ப் வழியாகவோ டீசல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. அந்த வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும். நீர்த்துப்போன ஆயிலில் ஓடும் கிராங்க் பேரிங்குகள் பம்பைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

முதல் வழி: நாசில் மட்டும்

மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் வேலை இதுதான். எந்த சிலிண்டர் தளர்ந்திருக்கிறது என்று அறிய மெக்கானிக்குகள் ஒரு பழைய முறையைக் கையாள்வார்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டராக இருந்தால் இன்ஜின் சுற்று சட்டென்று இறங்கும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் தெரியாது. இதைச் செய்யும்போதும், கழற்றிய நாசிலைச் சோதிக்கும்போதும், பீய்ச்சும் டீசலின் எதிரே கையைக் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும். உள்ளே சதை அழுகத் தொடங்கும். வலி இல்லை என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

கழற்றிய நாசிலைக் கைப்பிடி வைத்த டெஸ்டரில் மாட்டி அழுத்திப் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையிலேயே டீசல் தெளிக்கும் நேரடி வகை இன்ஜின்களில் நாசில் பொதுவாக 175 முதல் 250 பார் வரையான அழுத்தத்தில் திறக்கும். டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் எரியத் தொடங்கும் இன்ஜின்களின் பின்டில் வகை நாசில்கள் அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் திறக்கும். சரியான எண் அந்தந்த இன்ஜினின் கையேட்டில் இருக்கும். அழுத்தம் மட்டும் போதாது. தெளிப்பு மெல்லிய மூடுபனியாக எல்லாத் துளையிலிருந்தும் சமமாக வர வேண்டும். திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே பத்து விநாடி பிடித்து வைத்தால் நுனியில் சொட்டு நிற்கக் கூடாது. சொட்டும் நாசில்தான் கரும்புகைக்கும், தட்டும் சத்தத்துக்கும், பிஸ்டன் தலை கருகுவதற்கும் முதல் காரணம்.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் திருகியோ ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்தோ அழுத்தத்தைச் சரிசெய்துவிடலாம். நாசிலின் ஊசி உட்காரும் இருக்கை தேய்ந்திருந்தால் நாசிலை மாற்ற வேண்டும்; அதைப் பிடித்திருக்கும் ஹோல்டர் அப்படியே இருக்கட்டும். மூன்று சிலிண்டர் என்றால் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே முறை. நாசிலின் மேல் பொறித்த எழுத்துகளைப் பார்த்து வாங்க வேண்டும். டி.எல்.எல்.ஏ. என்று தொடங்கும் நாசில்களில் அடுத்து வரும் எண் தெளிப்பின் கோணம். 150 என்றால் 150 டிகிரி. கோணம் வேறான நாசிலும் ஹோல்டரில் ஒழுங்காகப் பொருந்திவிடும் என்பதுதான் ஆபத்து. டீசல் பிஸ்டனின் கிண்ணத்துக்குள் விழாமல் விளிம்பில் விழும். சில மாதத்தில் பிஸ்டன் ஓட்டையாகலாம். இன்னொன்று, நாசிலைக் கழற்றும்போது அடியில் உள்ள செம்பு வாஷர் சிலிண்டர் ஹெட்டிலேயே தங்கிவிடும். அதை எடுக்காமல் மேலே புது வாஷர் போட்டுவிட்டால் நாசில் உயர்ந்து நின்று, புதிய நாசிலும் புகை கக்கும். பழைய வாஷர்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் வழி: பம்பைப் பிரித்துச் செய்வது

எந்த வகைப் பம்ப் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

இன்லைன் பம்பில் எலிமென்ட்கள் வரிசையாக நிற்கும், சிலிண்டருக்கு ஒன்று. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1927-ல் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கிய வடிவத்தின் வழி வந்தது இது. இந்தியாவில் 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் இதைத் தயாரித்தது. 2008-ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியும், பட்டறைகளில் இன்றும் மைக்கோ பம்ப் என்றால்தான் தெரியும். எலிமென்ட் என்பது பிளஞ்சரும் (டீசலைத் தள்ளும் தண்டு) அது ஓடும் பேரலும் (உருளை) சேர்ந்த ஜோடி. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நுணுக்கம் புரியும். அதனால்தான் ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போடக் கூடாது. வேஸ்ட் துணியால் துடைக்கக் கூடாது. ஃபில்டர் தவறவிட்ட கண்ணுக்குத் தெரியாத மண்ணே அதைக் கீறிப்போடும்.

தேய்ந்த எலிமென்டின் குணம் ஒன்று உண்டு. வேகமாக ஓடும்போது ஒழுக நேரம் இல்லை, அதனால் பெரிதாகத் தெரியாது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது டீசல் இடைவெளி வழியே ஒழுகி, நாசிலைத் திறக்கும் அழுத்தமே வராது. தள்ளிவிட்டால் கிளம்புகிறது, ஓடத் தொடங்கினால் நன்றாக இழுக்கிறது என்றால் எலிமென்ட் மேல் சந்தேகம் வரலாம். அதற்கு முன் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் பார்த்துவிட வேண்டும். அவை தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

ரோட்டரி பம்ப் வேறு மாதிரி. சி.ஏ.வி. வடிவமைத்து, நம் ஊரில் லூகாஸ் டிவிஎஸ் பெயரோடு அறியப்பட்ட டி.பி.ஏ. பம்பில் எல்லா சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே அழுத்தப் பகுதி. சுழலும் ரோட்டார் அதை முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும். இன்லைன் பம்பின் கேம்ஷாஃப்ட்டுக்கு இன்ஜின் ஆயில் கிடைக்கிறது. டி.பி.ஏ.வுக்கு உள்ளே உள்ள டீசலே மசகு. எனவே தண்ணீர் கலந்த டீசலும் மண்ணெண்ணெய் கலந்த டீசலும் அதற்கு விஷம். ரோட்டார் கடித்து நின்றுவிடும். அது தேய்ந்ததை அறிய நல்ல சோதனை இருக்கிறது. காலையில் குளிர்ந்த நிலையில் கிளம்பும் இன்ஜின், மதியம் சூடாக நிறுத்திய பிறகு கிளம்ப மறுக்கும். சூட்டில் டீசல் நீர்த்து ரோட்டாரைச் சுற்றி ஒழுகுவதே காரணம். இன்ஜின் நின்றிருக்கும்போது ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிச் சிறிது நேரம் ஆறவிட்டு அடித்தால் கிளம்பிவிட்டது என்றால், ஹெட் ரோட்டார் (ரோட்டாரும் அது சுழலும் உடலும் சேர்ந்த ஜோடி) தேய்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்லைன் பம்பில் எலிமென்ட், டெலிவரி வால்வு (டீசலைப் பைப்புக்கு விடும் வால்வு), பேரிங், கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) புஷ் என்று தேய்ந்ததை மட்டும் மாற்ற முடியும். அதனால் நான் எப்போதும் அதைப் பிரித்துச் செய்வதையே ஆதரிப்பேன். உடல் உடையாதவரை அந்தப் பம்புக்கு முடிவே கிடையாது. டி.பி.ஏ.வில் சீல், பிளேடு, மீட்டரிங் வால்வு போன்றவை மலிவு. ஹெட் ரோட்டார் மட்டுமே விலை உயர்ந்தது, அதைத் துண்டு துண்டாக மாற்றவும் முடியாது. சீல் வேலை என்றால் யோசிக்காமல் செய்யலாம். ஹெட் ரோட்டார் போய்விட்டது என்றால் முழுப் பம்பின் விலையையும் கேட்டு ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பொருள் மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, மோட்டாரால் குறிப்பிட்ட சுற்றில் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசலைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்து அளக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினின் பாதி வேகத்தில்தான் பம்ப் சுற்றும். இன்ஜின் 2,000 என்றால் பம்ப் 1,000. அந்தச் சுற்றில் எத்தனை மில்லிலிட்டர் வர வேண்டும், கவர்னர் எப்போது டீசலை வெட்ட வேண்டும், ஸ்டார்ட் செய்யும்போது எவ்வளவு கூடுதலாகத் தர வேண்டும் என்பதற்கெல்லாம் ஒவ்வொரு பம்புக்கும் தயாரிப்பாளர் வகுத்த அட்டவணை உண்டு. இதைத்தான் கேலிபரேஷன் என்கிறார்கள். மூன்று குழாய்களிலும் மட்டம் சமமாக நிற்பதை நேரில் பாருங்கள். பிரிப்பதற்கு முன் எடுத்த அளவையும் முடிந்த பிறகு எடுத்த அளவையும் சீட்டில் எழுதித் தரும் பட்டறை, மற்றதைவிடக் கூடுதல் கூலி கேட்டாலும் அங்கேயே கொடுங்கள். பெஞ்ச் இல்லாமல், காதால் கேட்டே செட் செய்துவிடுவேன் என்பவரிடம் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பம்பைக் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசத்தைக் காதால் மில்லிலிட்டர் கணக்கில் பிரிக்க முடியாது.

இழுவை வேண்டும் என்று டீசலைக் கூட்டி வைக்கச் சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். சிலிண்டருக்குள் வரும் காற்று கூடுவதில்லை. கூடுதல் டீசல் கரும்புகையாகவும் சூடாகவும்தான் மாறும். டீசலின் உச்ச அளவை நிறுத்தும் மேக்சிமம் ஸ்க்ரூவில் கம்பி கட்டி முத்திரை வைப்பது அதைத் தடுக்கத்தான்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிகளும் போர்வெல் போடும் ரிக் வண்டிகளும் நிறைந்திருப்பதால் பம்ப் வேலையில் பழகிய கைகள் அதிகம். கோவையிலும் அப்படித்தான். உங்கள் ஊரில் நல்ல பெஞ்ச் இல்லையென்றால் டிராக்டரை நிறுத்திவிட்டுப் பம்பை மட்டும் எடுத்துப் போகலாம். கழற்றியதும் எல்லாத் துளைகளையும் சுத்தமான மூடி போட்டு அடைத்துவிட வேண்டும். நாசில்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

டீலரிடம் விடுவதா, தனிப் பட்டறையா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. டீலரிடம் விட்டாலும் பல இடங்களில் பம்ப் வெளிப் பட்டறைக்குத்தான் போகும். அசல் பொருளும் பில்லும் உறுதி என்பது டீலரின் பலம். போலி எலிமென்டும் போலி நாசிலும் சந்தையில் உலவுவதால் அந்தப் பலம் சிறியதல்ல. ஆனால் பம்ப் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற தனிப் பட்டறையிலும் அதே பொருள் கிடைக்கும். செய்கிறவரோடு நேரில் பேசவும் முடியும்.

பழைய பம்ப், புது பம்ப்

பழைய இரும்புச் சந்தையில் கிடைக்கும் பம்ப் விலையில் கவர்ச்சியாக இருக்கும். பார்வைக்கு உங்களுடையதைப் போலவே இருக்கும். பம்பின் மேல் உள்ள எண் தகட்டைப் படியுங்கள். பி.ஈ.எஸ். 3 ஏ 70 என்று தொடங்கினால் மூன்று சிலிண்டர், ஏ அளவு, 7 மில்லிமீட்டர் பிளஞ்சர் என்று பொருள். அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளும் எண்களும் சுழலும் திசை முதல் பலவற்றைக் குறிக்கும். கவர்னருக்குத் தனி எண். ஜெனரேட்டர் பம்பின் கவர்னர் ஒரே சுற்றில் நிற்கும்படி அமைந்தது, உழவுக்கு உதவாது. முழு எண்ணும் ஒத்துப்போனால்கூட, பெஞ்சில் ஏற்றிச் சோதிக்காத பம்ப் உங்கள் பழைய பம்பைவிடத் தேய்ந்திருக்கலாம். அதற்கும் ஒரு கேலிபரேஷன் கூலி கொடுக்கும்போது மலிவு மறைந்துவிடும். உங்கள் பம்பின் உடல் விரிசல் விட்டுவிட்டது, அல்லது தண்ணீரில் கிடந்து கேம்ஷாஃப்ட் துருப்பிடித்துவிட்டது என்றால் மட்டும், உதிரிக்காக ஒன்று வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

பட்டறையே செய்து வைத்திருக்கும் பம்பை மாற்றாகத் தரும் முறை வேறு. அதில் அளவுச் சீட்டும் வாரன்டியும் வரும். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வண்டி பல நாள் நிற்க முடியாது என்ற நிலையில் அது நல்ல வழி. வாடகை டிராக்டருக்கு மணிக்கணக்கில் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் கூடுதல் விலை சரியாகிவிடும்.

புது பம்ப் ஒரு நாளில் மாட்டி முடியும், தேய்மானம் பற்றிய கவலையும் இல்லை. ஆனால் மொத்த வண்டியின் மதிப்போடு வைத்துப் பார்க்க வேண்டும். ஹெட் ரோட்டார் கடித்த டி.பி.ஏ., உதிரி கிடைக்காத மாடல், நாள் முழுதும் ஓடிச் சம்பாதிக்கும் வண்டி என்ற மூன்று நிலைகளில் அதை ஏற்பேன். ரோட்டரியைக் கழற்றிவிட்டு இன்லைன் போட்டால் தொல்லை ஒழியும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கியர், பொருத்தும் இடம், பைப்கள், ஆக்சிலரேட்டர் இணைப்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதே இன்ஜினுக்குத் தயாரிப்பாளரே இரண்டு வகையும் கொடுத்து, முழுத் தொகுப்பும் கிடைத்தால் தவிர அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இன்றைய டீசலால்தான் பழைய பம்புகள் கெடுகின்றன என்ற பேச்சும் உண்டு. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் டீசலில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஆகவும், 2020 ஏப்ரலில் 10 பிபிஎம் ஆகவும் குறைந்தது உண்மை. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழுக்கும் தன்மை குறையும். அதை ஈடுகட்டச் சேர்மானம் கலந்தே விற்கிறார்கள், தர அளவுகோலும் அதற்கு இருக்கிறது. ரோட்டரி பம்பின் பழைய ரப்பர் சீல்கள் சுருங்கி ஒழுகலாம். அப்போது சீல் மாற்றினால் போதும். டேங்கில் ஏதேதோ ஊற்றுவதற்கு ஆகும் பணத்தை நல்ல ஃபில்டருக்குச் செலவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும்

மாட்டும்போது டைமிங் தவறினால் எல்லாச் செலவும் வீண். கழற்றும் முன் பழைய குறிகளைப் படம் எடுத்து வையுங்கள். ஆனால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு மாட்டியவர் சரியாகத்தான் மாட்டினார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்லைன் பம்பில் முதல் டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த குழாய் மாட்டி, டீசல் ஒழுகுவது நிற்கும் நொடியை ஃப்ளைவீலின் குறியோடு ஒப்பிடும் முறைதான் நம்பகமானது. உங்கள் மெக்கானிக்கிடம் அந்தக் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் கையில் தட்டையான பலகையோடு ஏர் இன்டேக் அருகே நிற்க வேண்டும். பம்புக்குள் டீசல் அளவை மாற்றும் ராக் என்ற தண்டு சிக்கிக்கொண்டால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுக்கும். சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப்பரை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையாலோ துணியாலோ அடைக்க முயலக் கூடாது.

ஓர் ஏக்கர் உழுது முடித்ததும் பைப் நட்டுகளில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்து, ஆயில் மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டறை கொடுத்த அளவுச் சீட்டை ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த முறை புகை வரும்போது, எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் அந்தச் சீட்டை நீட்டி, அதே சுற்றில் இன்று எவ்வளவு வருகிறது என்று பார்க்கச் சொல்லலாம்.